ஏழாம் நம்பர் மெசினில் கிடந்த வெள்ளைத் துணி

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மாடியில் இருந்த எங்கள் கம்ப்யூட்டர் கேம் கடையில் ஒரு மெசின் எழும்பவில்லை என்றால், ஏன் எழும்பவில்லை என்று கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிஷம் போதும். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். மறைக்க ஒன்றுமில்லை.

போன மாதம் கடையை மூடிவிட்டார்கள். அதே இடத்தில் இப்போது போன் கடை. சாவியைக் கொடுக்கப் போன அன்று, அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளை என்னிடம் கேட்டாள்:

"அப்ப நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்களாக்கா?"

"ஆமா. பென்சன் மட்டுந்தான் இல்ல."

எனக்கு இருபத்தாறு வயது. அவள் சிரித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். "நீங்க பாத்த ரிப்பேர்லயே ரொம்ப கஷ்டமானது எதுக்கா?" சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே விட்டுவிட்டேன். நிற்காமல் இறங்கி வந்து பஸ் ஏறிவிட்டேன். பாவம், அவள் என்ன நினைத்தாளோ. அதனால் எழுதித் தருகிறேன்.

எங்கள் தோட்டம் ஹாலிஎலக்கு மேலே. அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கிறார். அப்பா இல்லை. என் அண்ணன் ரவி என்னைவிட இரண்டு வயது மூத்தவன். கடையில் அவன்தான் முதலில் வேலைக்குச் சேர்ந்தான். ஒரு வருஷம் கழித்து, கூட்டித் துடைக்கவும் வருகிறவர்களின் நேரம் பார்க்கவும் ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிப்போனான். முதல் ஆறு மாதம் மவுஸுக்குள் இருக்கும் உருண்டையைக் கழற்றி அழுக்குச் சுரண்டினேன். அடுத்த ஆறு மாதம் வைரஸ் துடைத்தேன். மூன்றாவது வருஷத்தில், பெட்டியைத் திறக்கிற வேலையெல்லாம் அண்ணனுக்கு, திரைக்குள் நடக்கிற வேலையெல்லாம் எனக்கு என்று ஆகிவிட்டது. ஒரு தடவை ஒரு டியூசன் மாஸ்டர் தன் கம்ப்யூட்டரில் வைரஸ் என்று தூக்கிக்கொண்டு வந்தார். நான் ஒரு மணி நேரம் தேடினேன். அண்ணன் மூடியைக் கழற்றினான். உள்ளே செத்துக் காய்ந்த பல்லி. "வைரஸுக்கு வால் இருக்கு பாரு" என்றான். மாஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது.

எங்கள் முதலாளி சிவராசா அண்ணன். அவருடைய அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து பதுளைக்கு கிளார்க்காக வந்தவர். இவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்தான், ஆனால் வாயைத் திறந்தால் யாழ்ப்பாணம்தான் வரும். அவர் சத்தம் போட்டு நான் ஒரு நாளும் கேட்டதில்லை. நான் ஒரு மெசினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காருவார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார். கை வெளியே இருந்தால் மவுஸைப் பிடுங்கிவிடுவாராம், அவரே சொல்வார். அப்படி உட்கார்ந்துகொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"கடைசியா எதைத் தொட்டனீர்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே கடையில் ஒரு கொப்பி இருந்தது. எந்த மெசினில் எதை மாற்றினாலும் அதில் எழுத வேண்டும். என்ன கோப்பு, என்ன அளவு, யார் தொட்டது. எனக்கு இங்கிலீஷ் அர்த்தம் தெரியாது. ஆனால் ஒரு பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தால் கண்ணில் குத்தும். இலக்கம் மாறியிருந்தாலும் குத்தும். அது போதும் என்று சிவராசா அண்ணன் சொன்னார். போதுமாகத்தான் இருந்தது.

இன்னொரு பழக்கமும் இருந்தது. கடையில் மொத்தம் பத்து மெசின். புதிதாக எது வந்தாலும் முதலில் ஏழாம் நம்பரில் மட்டும் போட வேண்டும். ஏழாம் நம்பர் ஜன்னலோரம் இருந்தது, அண்ணன் உட்காருகிற மெசின். போட்டுவிட்டு ஒரு நாள் அதில் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்ப்பான். அவன் "சரி" என்று சொன்ன பிறகுதான் மற்ற ஒன்பதிலும் போடுவோம். யாரும் இதைச் சட்டமாக எழுதி ஒட்டவில்லை. காலையில் பல் விளக்குகிற மாதிரி ஒரு பழக்கம், அவ்வளவுதான்.

கடைக்கு வருகிற பையன்களுக்கு ஒரே ஒரு விளையாட்டுத்தான் உயிர். இரண்டு கட்சி, துப்பாக்கிச் சண்டை. செத்தால் அந்த ரவுண்ட் முடியும்வரை சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும். அடுத்த ரவுண்டில் எல்லோரும் எழும்பிவிடுவார்கள். அண்ணனும் எங்கள் தோட்டத்துப் பையன்கள் நான்கு பேரும் ஒரு கட்சி. பக்கத்து ஊரான எல்லவில் ஹோட்டல்களில் வேலை செய்கிற பையன்கள் ஐந்து பேர் எதிர்க்கட்சி. இரண்டு கட்சிக்கும் ஒரு சனிக்கிழமை காலையில் பெரிய ஆட்டம் என்று பேசி வைத்திருந்தார்கள்.

அதற்கு இருபது நாளைக்கு முந்தி அண்ணன் செத்துப்போனான். மழையில் பைக் சறுக்கியது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

சாவு வீட்டுக்கு சிவராசா அண்ணன் வந்தார். திரும்பிப் போய்க் கடையைத் திறந்து, ஏழாம் நம்பர் மெசினின் வயரைக் கழற்றி, அதன் மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு மூடினாராம். பதினாறாம் நாள் கருமாதி முடிந்து நான் வேலைக்குப் போனபோதுதான் அதைப் பார்த்தேன்.

"இது எவ்ளோ நாளைக்குண்ணே?"

"முப்பத்தொண்டு நாள். அந்தியேட்டிக் கிரியை முடியும் மட்டும் ஒருத்தரும் தொடக்கூடாது."

"எங்களுக்குப் பதினாறுதாங்கண்ணே. நேத்தோட முடிஞ்சிருச்சு."

அவர் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எங்கட கணக்குப்படி இன்னும் இருக்குப் பிள்ளை" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் ஆட்கள் முடித்த பிறகும் அவனுக்காக ஒருவர் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார். துணி அப்படியே கிடந்தது. அடுத்த நாள் அவர் சொந்தக்காரக் கல்யாணம் ஒன்றுக்கு யாழ்ப்பாணம் புறப்பட்டார். சண்டை நின்று யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்த காலம் அது. சாவியை என்னிடம் கொடுத்தார்.

இப்போது நான் செய்த தப்புக்கு வருகிறேன்.

கொழும்பிலிருந்து பஸ் கண்டக்டர் மூலம் ஒரு சீடி வந்திருந்தது. புது விளையாட்டு. அதை ஓட்ட ஒரு புது லைப்ரரி வேண்டும். லைப்ரரி என்றால் என்ன என்று அந்தப் போன் கடைப் பிள்ளைக்குச் சொல்கிறேன். எங்கள் லயத்தில் வரிசையாக ஒட்டியிருக்கும் பத்து வீட்டுக்கும் தண்ணீருக்கு ஒரே பீலி. எல்லோரும் அங்கேதான் குடத்தை வைப்போம். கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். படம் காட்ட, சத்தம் போட, ஒவ்வொரு விளையாட்டும் தனித்தனியாக எல்லாவற்றையும் வைத்திருக்காது. பொதுவாக ஒரு இடத்தில் இருக்கும் கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதுதான் லைப்ரரி. பீலியின் வாயை மாற்றினால் புதுக் குடத்துக்குச் சரியாக இருக்கும். பழைய குடத்தின் வாய்க்குத் தண்ணீர் போகாமல் வெளியே கொட்டும்.

வியாழக்கிழமை மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அந்த லைப்ரரியை எட்டாம் நம்பரில் போட்டேன். புது விளையாட்டு திறந்தது. அப்படியே ஒன்பது, பத்து, ஒன்று, இரண்டு என்று போனேன். "பழைய கோப்பை மாற்றட்டுமா" என்று ஒவ்வொரு மெசினும் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் ஆம் என்று அழுத்தினேன். சும்மா உட்கார்ந்தால் அழுகை வந்தது. கை ஓடிக்கொண்டிருந்தால் வரவில்லை. அதனால் நிறுத்தவில்லை. ஒரே மத்தியானத்தில் ஒன்பது மெசினையும் முடித்துவிட்டு, கொப்பியில் ஒன்பது வரி எழுதிவிட்டு, நல்ல வேலை செய்தேன் என்று வீட்டுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை போயா, பௌர்ணமி லீவு. கடை பூட்டு.

ஏழாம் நம்பர் மூடிக் கிடந்ததால் முதலில் ஒரு மெசின், பிறகு ஒரு நாள் பொறுப்பது என்கிற பழக்கமே என் கையை விட்டுப் போய்விட்டது. "சரி" என்று சொல்கிற ஆள் இல்லை. நானே சரி என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் எல்லப் பையன்கள் ரயிலில் வந்து இறங்கினார்கள். எங்கள் தோட்டத்துப் பையன்கள் நால்வரும் வந்தார்கள். அண்ணனின் கூட்டாளி பாண்டிதான் தலைவன். ஏழாம் நம்பர் மூடியிருப்பதால் நாலுக்கு நாலு ஆடுவது என்று முடிவு. எல்லக் கட்சியில் ஐந்தாவது பையன் சும்மா பார்க்க வந்திருந்தான். எல்லோரும் உட்கார்ந்தார்கள். விளையாட்டைத் திறந்தார்கள்.

திரை கறுத்தது. ஒரு நொடி. பிறகு பழையபடி முதல் திரை. எந்தச் செய்தியும் இல்லை. ஒரு மெசினிலும் திறக்கவில்லை.

"என்னா தங்கச்சி, எல்லாம் கண்ண மூடிக்கிருச்சு?" என்றான் பாண்டி.

எல்லக் கட்சியின் தலைவன் நிமால். சிங்களப் பையன், தமிழ் நன்றாகப் பேசுவான், தங்கச்சி என்பதை மட்டும் நங்கி என்பான். "நங்கி, மெசின் எல்லாம் பாண்டியைப் பாத்துப் பயந்துட்டது" என்றான்.

"ஒன் மூஞ்சியப் பாத்துத்தாண்டா பயந்துருச்சு. ரயில்ல வந்த கரி இன்னும் போகல."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. விளையாட்டை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். திரை கறுத்தது, விழுந்தது. மெசினை அணைத்துப் போட்டேன். அதேதான். அரை மணி நேரம் போனது. பையன்களின் சிரிப்பு நின்றுவிட்டது. பாண்டி மெதுவாக என் பக்கத்தில் வந்தான்.

"தனம், இன்னைக்கு ஆடலன்னா இவனுங்க அடுத்த மாசந்தான் லீவு கெடச்சு வருவானுங்க. நம்ம சைட்ல ரெண்டு பேரு நாளக்கழிச்சு கொழும்புக்கு வேலைக்குப் போறானுங்க. ரவி பேசி வச்ச ஆட்டம் இது. அவன் பேசி வச்சதுல மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான்."

எனக்கு அப்போது ஓடிவிட வேண்டும் போல இருந்தது. ஓடவில்லை. என்னை நானே கேட்டேன்: கடைசியாக எதைத் தொட்டாய்?

கொப்பியைத் திறந்தேன். ஒன்பது வரி. என் கையெழுத்து. லைப்ரரியின் அளவு வியாழக்கிழமைக்கு முந்தி ஒரு இலக்கம், வியாழக்கிழமை வேறு இலக்கம். அவ்வளவுதான். நோய் எதுவென்று தெரிந்துவிட்டது. மருந்துதான் இல்லை. விளையாட்டை மறுபடி போட்டாலும், புதுக் கோப்பு ஏற்கெனவே இருக்கிறது என்று அது பழையதை வைக்காமல் தாண்டிப் போனது. பழைய லைப்ரரி இருந்த சீடியை எடுத்தேன். பதுளை ஈரத்தில் முழுக்கப் பூஞ்சணம் பிடித்திருந்தது. ஒன்பது மெசினிலும் பழையதை என் கையாலேயே அழித்திருக்கிறேன்.

தலையைத் தூக்கினேன். ஜன்னலோரத்தில் வெள்ளைத் துணி.

அந்த ஒரு மெசினைத்தான் நான் தொடவில்லை.

யாழ்ப்பாணத்துக்குப் போன் போட்டேன். கல்யாண வீட்டு மேளம் கேட்டது. சத்தமாகப் பேச வேண்டியிருந்தது, பையன்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

"அண்ணே, தப்புப் பண்ணிட்டேன். லைப்ரரிய ஒன்பது மெசின்லயும் மாத்திட்டேன். கேம் தெறக்க மாட்டேங்குது."

"ஒரே நாளிலயா?"

"ஒரே நாள்லதாண்ணே."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பழசு எங்க இருக்கு?"

"ஏழுலதாண்ணே இருக்கு." துணியைப் பார்த்தேன். "இன்னும் முப்பத்தொண்ணு ஆகலயே."

"பிள்ளை, அவன் உம்மட அண்ணன். உம்மட கணக்குத்தான் கணக்கு. துணியை எடும்."

போனை வைத்துவிட்டு ஏழாம் நம்பருக்குப் போனேன். பாண்டியும் கூட வந்தான். துணியின் ஒரு முனையை அவன் பிடித்தான், மறு முனையை நான் பிடித்தேன். மடித்து ஜன்னலில் வைத்தோம். வயரைச் சொருகிப் பட்டனை அழுத்தினேன்.

பீப். பீப். பீப். திரை வரவில்லை.

இருபது நாள் ஈரத்தில் கிடந்த மெசின். பாண்டி "போச்சு" என்றான். "வாய மூடுங்கண்ணே" என்றேன். மூன்று பீப் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பெட்டிக்குள் கை வைப்பது அண்ணனின் வேலை, ஆனால் அவன் வைக்கும்போது நூறு தடவை பார்த்திருக்கிறேன். மூடியைக் கழற்றினேன். ரேம் என்கிற பட்டையான துண்டு பச்சை நிறத்தில் இருக்கும், அதன் அடியில் தங்க நிறப் பற்கள் வரிசையாக இருக்கும். அதை உருவி எடுத்தேன். அண்ணனின் மேசை லாச்சியில் பாதி தேய்ந்த ஒரு அழிறப்பர் எப்போதும் கிடக்கும். அதை எடுத்து அந்தப் பற்களை இந்தப் பக்கம் பத்துத் தடவை, அந்தப் பக்கம் பத்துத் தடவை தேய்த்தேன். ஊதினேன். "ஊதாத, எச்சி படும்" என்று அவன் சொல்வது ஞாபகம் வந்தது. சட்டை நுனியால் துடைத்தேன். இரண்டு பக்கமும் டக் என்று விழும்வரை அழுத்திச் சொருகினேன்.

பட்டன். ஒரு பீப். திரை வெளிச்சமானது.

அதன் பிறகு நான் அவசரப்படவில்லை. வியாழக்கிழமை பட்டது போதும். முதலில் பழைய விளையாட்டை ஏழாம் நம்பரில் திறந்து பார்த்தேன். திறந்தது. மூடினேன். லைப்ரரியின் அளவைக் கொப்பியோடு ஒப்பிட்டேன். சரியாக இருந்தது. பிளொப்பி டிஸ்க் ஒன்றில் அதை ஏற்றிக்கொண்டேன். ஒன்றாம் நம்பருக்கு வந்தேன். இங்கேதான் என் மூளை வேலை செய்தது, இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பழைய லைப்ரரியைப் பொது இடத்தில் வைத்தால் பழைய விளையாட்டு திறக்கும், புது விளையாட்டு விழுந்துவிடும். அதனால் பொது இடத்தில் கை வைக்காமல், பழைய விளையாட்டு இருக்கும் ஃபோல்டருக்குள்ளேயே அதை வைத்தேன். பீலி எப்படி மாறினாலும் பரவாயில்லை, இந்த வீட்டுக்கு உள்ளேயே ஒரு தொட்டி. விளையாட்டு தன் வீட்டுக்குள் தேடிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே போகும் என்று ஒரு நம்பிக்கை.

திறந்தேன். திரை கறுத்தது. ஒரு நொடி. இரண்டு நொடி. பாட்டு வந்தது.

நிமால் மேசையைத் தட்டினான். நான் திரும்பிப் பார்க்காமல் இரண்டாம் நம்பருக்குப் போனேன். இந்தத் தடவை ஒவ்வொரு மெசினிலும் பழையது, புதியது இரண்டையும் திறந்து பார்த்துவிட்டே அடுத்ததுக்கு நகர்ந்தேன். ஒன்பதும் முடிந்தபோது பத்தே முக்கால். கொப்பியில் எழுதினேன்.

"இப்ப பத்து மெசினும் இருக்கே" என்றான் நிமால். "எங்களுக்கு அஞ்சு பேர் இருக்கு. உங்களுக்கு?"

பாண்டி என்னைப் பார்த்தான். "வா தங்கச்சி."

"எனக்கு ஆடத் தெரியாதுண்ணே. ரிப்பேர் பண்ணத்தான் தெரியும்."

"ரவிக்கு மட்டும் தெரியுமா? அவன் எந்நேரமும் மொத ஆளா சாவான். வந்து ஒக்காரு."

உட்கார்ந்தேன். அந்த நாற்காலியில் ஒரு பக்கம் பள்ளம். அவன் சாய்ந்து உட்காருகிற பக்கம். விளையாட்டைத் திறந்ததும் ஆடுகிறவரின் பெயர் கேட்கும் கட்டம் வந்தது. அதில் ஏற்கெனவே பெயர் இருந்தது. ரவி. மாற்ற வேண்டுமானால் அழித்துவிட்டு என் பெயரை அடிக்கலாம். நான் அந்த வாரம் எவ்வளவோ அழித்துவிட்டேன். இதை அழிக்கவில்லை. அப்படியே உள்ளே போனேன்.

முதல் ரவுண்ட் ஆரம்பித்து அரை நிமிஷம் இருக்காது. எந்தப் பட்டன் எதற்கு என்று தேடிக்கொண்டிருந்தேன். சுட்டுவிட்டார்கள். இந்த விளையாட்டில் யார் செத்தாலும் எல்லோருடைய திரையிலும் மேலே ஒரு வரி வரும். செத்தவரின் பெயர், பக்கத்தில் ஒரு சின்ன மண்டையோடு. பத்துத் திரையிலும் ரவி என்று வந்தது.

கடையே நின்றுவிட்டது. ஒருவரும் சுடவில்லை. என்னைச் சுட்டது நிமால்தான். அவன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான். "நங்கி, நான் பெயரைப் பார்க்கல்ல" என்றான். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். இருபது நாளாக அம்மாவுக்கு முன்னால் அடக்கியது, கருமாதியில் அடக்கியது, எல்லாம் அங்கே வந்துவிட்டது.

பாண்டி மட்டும் தன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அழுவாத தனம். ரவுண்டு முடியட்டும். எந்திரிச்சிருவான் பாரு."

நிமால் மறுபடி மவுஸைப் பிடித்தான். ரவுண்ட் முடிந்தது. திரை ஒரு தடவை கறுத்தது. மறுபடி விழுந்துவிட்டதோ என்று நினைத்தேன். விழவில்லை. வெளிச்சம் வந்தது. ரவி கையில் துப்பாக்கியோடு எழும்பி நின்றான்.

அன்றைக்கு இருபத்தொரு ரவுண்ட் ஆடினோம். நாங்கள் தோற்றோம். ஒவ்வொரு ரவுண்டிலும் அண்ணன் முதல் ஆளாகச் செத்தான். அடுத்த ரவுண்டில் எழும்பினான். கடைசி ரவுண்ட் முடிந்ததும் பையன்கள் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ஓடினார்கள். நான் ஏழாம் நம்பரை அணைக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு கொப்பியை எடுத்து அன்றைய கடைசி வரியை எழுதினேன்.

மெசின் ஏழு. ஒன்றும் மாற்றவில்லை. தொட்டது தனம்.